கம்பியில்லா மைக்: சத்தம் நின்றால், அறுந்தால், இரைந்தால் எங்கிருந்து பார்ப்பது

வேலூர், காட்பாடி, ஆற்காடு, ஆரணி சுற்றுவட்டாரத்தில் கல்யாண மண்டபம், தேவாலயம், பள்ளி ஆண்டு விழா, பாரதக் கூத்து என்று மைக் செட் போட்டு வருகிற எனக்கு, கம்பியில்லா மைக் பற்றி வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே சொல்லில்தான் தொடங்கும்: "இன்டர்ஃபியரன்ஸ் வருதுண்ணே." போய்ப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் வெளியிலிருந்து எந்த அலையும் வந்து கெடுத்திருக்காது. தீரும் நிலையில் இருக்கிற பேட்டரியோ, மைக்கின் அலையை வாங்கும் பெட்டியான ரிசீவரை இரும்புப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டதோ, அழுத்தம் இழந்த பேட்டரி ஸ்பிரிங்கோதான் காரணமாக இருக்கும். ஆகவே, கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதையும் காசு செலவில்லாததையும் முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகே அலைவரிசையைச் சந்தேகிக்க வேண்டும் என்ற வரிசையில் இதை எழுதுகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மிக்ஸரில் அந்த மைக்கின் சத்தத்தை முழுவதும் இறக்கிவிட்டு, கையிலுள்ள மைக்கை, அதாவது டிரான்ஸ்மிட்டரை, அணைத்துவிட்டு ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். அலை வருவதைக் காட்டும் விளக்கு அணைந்துவிட்டால் அந்த அலைவரிசை காலியாக இருக்கிறது. கோளாறு உங்கள் கருவியிலோ, அதை வைத்த விதத்திலோ இருக்கிறது. மைக் அணைந்த பிறகும் விளக்கு எரிந்தால் அல்லது மினுக்கினால் வேறொருவரின் அலை உங்கள் ரிசீவருக்குள் நுழைகிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் சேனலை மாற்றிக்கொண்டே போகிறவர்கள், நன்றாக இருந்த மற்ற மைக்குகளையும் சேர்த்துக் கெடுத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 1: சத்தமே வரவில்லை

### அலை விளக்கு எரியவில்லை

மைக்கிலும் ரிசீவரிலும் காட்டும் அலைவரிசை எண் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். ஒரே பெட்டியில் நான்கு மைக்குகள் இருந்தால், யாராவது அவற்றை மாற்றி மாற்றி எடுத்து வைத்திருப்பார்கள். அகச்சிவப்புக் கதிரால் இணைக்கும் வகை என்றால், மைக்கின் சிறு கண்ணாடியை ரிசீவரின் கண்ணாடிக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் பிடித்து மறுபடியும் இணைக்க வேண்டும். வெயில் நேராக அடிக்கும் திறந்தவெளி மேடையில் இந்த இணைப்பு நடக்காமல் போவதுண்டு, அப்போது உள்ளங்கையால் நிழல் பிடித்தால் போதும்.

எண்கள் பொருந்தியும் விளக்கு எரியாவிட்டால் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். சென்ற ஆண்டு ஒரு வரவேற்பில் புத்தம் புதிய பேட்டரி போட்டும் உயிர் வராத ஒரு கைமைக்கைத் திறந்தபோது, ஸ்பிரிங்கின் நுனியில் பாசி படிந்ததுபோல் பச்சை நிறத்தில் ஒரு படலம் இருந்தது. மழைக்காலம் முழுவதும் பழைய பேட்டரியை உள்ளேயே விட்டு அலமாரியில் வைத்ததால் அது கசிந்து அரித்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் அழிப்பானால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, ஸ்பிரிங்கை நகத்தால் இரண்டு மில்லிமீட்டர் அளவு முன்னால் இழுத்துவிட்டதும் மைக் வேலை செய்தது. அரிப்பு ஸ்பிரிங்கைத் தாண்டி உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை வரை போயிருந்தால் மட்டும் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

### அலை விளக்கு எரிகிறது, ஒலி விளக்கு எரியவில்லை

ஒலி விளக்கு என்பது மைக்கில் பேசும்போது ரிசீவரில் எரிய வேண்டிய விளக்கு. மைக்கின் ஒலி நிறுத்தும் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். காலர் மைக் என்றால் பெல்ட் பேக்கில், அதாவது இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியில், செருகும் முனையைக் கழற்றி மறுபடி செருகித் திருகுங்கள். அப்போதும் இல்லையென்றால் வேறொரு காலர் மைக்கை மாட்டிப் பாருங்கள். ஒயர் முனைக்கு அருகே உள்ளே அறுந்துபோவதுதான் இதில் அதிகம் நடப்பது. நிகழ்ச்சி முடிந்ததும் ஒயரைப் பெல்ட் பேக்கின் மேல் இறுக்கிச் சுற்றி வைக்கும் பழக்கமே அதற்குக் காரணம். வெவ்வேறு நிறுவனங்களின் பெல்ட் பேக்குகளில் முனையின் வடிவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இணைப்பு வேறாக இருக்கும் என்பதால், ஒன்றின் காலர் மைக் மற்றொன்றில் வேலை செய்யாததைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

### இரண்டு விளக்கும் எரிகின்றன, ஸ்பீக்கரில் சத்தம் இல்லை

ரிசீவர் வரைக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது. அதிலிருந்து மிக்ஸருக்குப் போகும் ஒயரையும் மிக்ஸரையும் பாருங்கள்.

## அறிகுறி 2: சத்தம் அறுந்து அறுந்து வருகிறது

அதிகமாக வரும் புகாரும், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் புகாரும் இதுவே.

### பேட்டரி

தொடக்கத்தில் நன்றாக இருந்து, ஒரு மணி நேரம் கழித்து அறுந்தால் பேட்டரியை மாற்றுங்கள். புது ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும்; நிகழ்ச்சிக்கு முன் அளந்து 1.3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அதைச் சுவர்க் கடிகாரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் துத்தநாகக் கரி பேட்டரிகள் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் பொருத்தமானவை. தொடர்ந்து மின்சாரம் இழுக்கும் மைக்குக்கு அவை தாங்காது. மறுபடி மின்னேற்றும் பேட்டரியின் மின்னழுத்தம் இயல்பாகவே 1.2 வோல்ட் என்பதால் பேட்டரி அளவுகாட்டி தவறாகக் காட்டும். பேட்டரி வகையைத் தேர்வு செய்யும் வசதி மெனுவில் இருந்தால் அதை மாற்றி வையுங்கள். பழையதையும் புதியதையும் ஒன்றாகப் போடவே கூடாது.

### பிடிக்கும் விதமும் கட்டும் விதமும்

பல கைமைக்குகளில் ஆன்டெனா அடிப்பகுதியில் இருக்கிறது. பேசுபவர் அடிப்பகுதியை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் அலை பாதிக்குக் கீழே போய்விடும். நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள்.

பெல்ட் பேக்கில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் மனித உடல் பெரும்பாலும் நீர், நீர் இந்த அலைகளை உறிஞ்சிவிடும். ஆரணிக்கு அருகே ஒரு கிராமத்தில் பாரதத் திருவிழாவின் பதினெட்டாம் போர் கூத்துக்குச் செட் போட்டிருந்தேன். துரியோதனன் வேடம் கட்டியவர் விடிந்ததும் மேடையை விட்டு இறங்கி, துரியோதனன் வீழும் களமான படுகளத்துக்கு நடந்து போக வேண்டும் என்பதால் கம்பியுள்ள மைக் பயன்படாது. இரவு முழுவதும் அவர் ஒரு பக்கம் பார்த்து விருத்தம் பாடினால் ஊரே கேட்கும் அளவுக்குக் கணீரென்று வரும், மறுபக்கம் திரும்பினால் பாதிச் சொல்லோடு நின்றுவிடும். இடைவேளையில் ஒப்பனைத் திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பெல்ட் பேக்கை முதுகுப் பக்கம் இடுப்பில் செருகி, அதன் மேல் பாவாடையின் அத்தனை மடிப்பையும் இறுக்கிக் கட்டி, அதற்கும் மேல் கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தகடும் பதித்த இடுப்புக்கட்டை மாட்டியிருந்தார்கள். ஆன்டெனா இரண்டாக மடிந்து, வியர்வையில் நனைந்த தோலோடு ஒட்டிக் கிடந்தது. என்னுடைய ரிசீவரோ, தரையில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு இந்தப் பக்கம் முழங்கால் உயரத்தில் இருந்தது.

பெல்ட் பேக்கை ஒரு சிறிய துணிப்பையில் போட்டு, தோள்பட்டைக்குக் கீழே வேடத்தின் மர அணிகலன்களான கட்டைகள் வராத இடத்தில் வைத்துத் தைத்து, ஆன்டெனாவை மடிக்காமல் துணிக்கு வெளியே தொங்கவிட்டோம். ரிசீவரை மேடையோரச் சவுக்குக் கழியில் ஆள் உயரத்துக்கு மேலே கட்டினேன். அதன் பிறகு படுகளம் முடியும் வரை ஒரு சொல்லும் அறுபடவில்லை. அலைவரிசையில் நான் கை வைக்கவே இல்லை.

### ரிசீவர் வைக்கும் இடம்

மைக்கிலிருந்து பார்த்தால் ரிசீவரின் ஆன்டெனா கண்ணுக்குத் தெரிய வேண்டும், அது கூட்டத்தின் தலைகளுக்கு மேலே இருக்க வேண்டும், மைக்குக்கும் அதற்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். இந்த மூன்றையும் கவனித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மண்டபங்களில் ரிசீவரை மேடைக்குப் பின்னால் உள்ள அறையில், ஆம்ப்ளிஃபயர் அடுக்கின் அடித்தட்டில், இரும்புக் கதவுக்குள் பூட்டி வைக்கும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. திருட்டுப் பயம் நியாயமானது, ஆனால் இரும்புப் பெட்டிக்குள் அலை எப்படிப் போகும்? ரிசீவரை உள்ளேயே வைக்க வேண்டுமென்றால் ஆன்டெனாவை மட்டுமாவது வெளியே கொண்டுவர வேண்டும்.

ரிசீவரில் இரண்டு ஆன்டெனா இருப்பது, ஒன்றுக்கு அலை கிடைக்காத நொடியில் மற்றொன்று பிடித்துக்கொள்வதற்காக. இரண்டையும் ஒட்டி நேராக நிறுத்தாமல், ஆளுக்கு ஒரு பக்கமாகப் பாதிச் சாய்வில் விரித்து வையுங்கள். 600 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர். அதில் நாலில் ஒரு பங்கான பன்னிரண்டரை சென்டிமீட்டராவது இரண்டுக்கும் இடைவெளி இருக்க வேண்டும். ஆன்டெனாவின் அடித்திருகு தளர்ந்திருக்கிறதா என்றும் கையால் தொட்டுப் பாருங்கள்.

### ஆன்டெனாவை நீட்டிய கேபிள்

இது செலவு வைக்கும் இடம். டிவி கேபிளின் மின்மறுப்பு 75 ஓம், மைக் ரிசீவர்களுடையது 50 ஓம்; இரண்டும் பொருந்தாது. வீட்டில் மிச்சமிருந்த டிஷ் கேபிளை இழுத்துவிட்டு அலை வரவில்லை என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிள் 10 மீட்டர் நீளத்திலேயே அலையின் பாதிக்கு மேல் தின்றுவிடும். 10 மீட்டருக்கு மேல் போக வேண்டுமென்றால் தடித்த ஆர்.ஜி. 213 கேபிள் வாங்குங்கள், அல்லது ரிசீவரையே மேடைக்கு அருகே வைத்துவிட்டு ஒலி ஒயரை நீளமாக இழுங்கள். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஒலி ஒயர் மலிவு, 50 மீட்டர் இழுத்தாலும் நஷ்டமில்லை.

இத்தனையும் செய்த பிறகும், 5 மீட்டர் தூரத்தில் நேருக்கு நேர் நின்றே அறுந்தால் மைக்கின் உள்ளே ஆன்டெனாவின் பற்றவைப்பு விட்டிருக்கும். கீழே விழுந்த மைக்குகளில் இது சகஜம். அதைத் திறக்க வேண்டாம், பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 3: மைக்கை அணைத்தாலும் இரைச்சலோ வேறு குரலோ வருகிறது

குறுக்கீடு என்று உண்மையாகவே சொல்லத்தக்கது இதுதான்.

### வேறொருவர் பேசுவது கேட்கிறது

ஒரே முகூர்த்த நாளில் அடுத்தடுத்த மண்டபங்களில் ஒரே மாதிரி மலிவு விலை செட்டுகள் ஓடினால் இது நடந்தே தீரும், ஏனென்றால் அவற்றில் பலவற்றில் அலைவரிசை தொழிற்சாலையிலேயே நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்து மண்டபத்துச் செட்காரரிடம் போய், அவர் எந்த எண்ணில் இருக்கிறார் என்று கேட்டு இருவரும் பிரித்துக்கொள்வதுதான் முதல் வழி. அவருக்கும் அதே தொல்லை இருந்திருக்கும், மறுக்க மாட்டார். எண்ணை மாற்ற முடியாத செட் என்றால் அன்றைக்குக் கம்பியுள்ள மைக்கைப் பயன்படுத்துங்கள்.

### சலசலப்பும் வெடிப்பும்

செட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் அலைவரிசையைப் படியுங்கள். 2022-ஆம் ஆண்டு ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் ஒரு பகுதி 5ஜி சேவைக்கு விற்கப்பட்டது. அந்தப் பட்டையில் 703 முதல் 748 வரை கைப்பேசிகள் அலை அனுப்பவும், 758 முதல் 803 வரை கோபுரங்கள் அனுப்பவும் ஒதுக்கப்பட்டவை. அதற்கு மேலே 824 முதல் 844 வரையும் கைப்பேசிகளே அனுப்புகின்றன, 869 முதல் 889 வரை கோபுரங்கள். பழைய செட்டுகள் பல 700-லும் 800-லும்தான் இருக்கின்றன. காலியான மண்டபத்தில் மாலை ஐந்து மணிக்குச் சோதித்தபோது நன்றாக இருந்து, எட்டு மணிக்கு விருந்தினர் நிறைந்ததும் இரையத் தொடங்கும் மர்மத்துக்கு விடை இங்கே இருக்கிறது. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள்; அத்தனை பேர் கையிலும் கைப்பேசி, அத்தனையும் படம் அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த இடத்துக்கு 800 மெகாஹெர்ட்ஸ் செட்டை நான் எடுத்துப் போவதில்லை. சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் படிக்கும் கருவிகள் 865 முதல் 867 வரை இயங்குகின்றன என்பதால், பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை ஒட்டிய நிகழ்ச்சிகளில் அந்த எண்களையும் விட்டுவிடுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் 700-க்குக் கீழே, எண்ணை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள செட்டையே கேட்டு வாங்க வேண்டும். விலை கூடத்தான் இருக்கும், ஆனால் அது ஒரு முறை செலவு.

### எல்.ஈ.டி. திரை

இப்போது வரவேற்பு மேடைக்குப் பின்னால் பூ அலங்காரத்துக்குப் பதில் எல்.ஈ.டி. திரை வந்துவிட்டது. திரையின் பலகைகளும் அவற்றின் மின்வழங்கிகளும் பரந்த அளவில் அலை இரைச்சலைக் கக்குகின்றன. திரையை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லி, ரிசீவர் விளக்கைப் பாருங்கள். விளக்கு அடங்கினால் காரணம் உறுதி. திரையை எடுக்க முடியாது, ஆனால் ரிசீவரின் ஆன்டெனாவைத் திரையிலிருந்து தள்ளி, மேடைக்கு எதிரே மணமக்களுக்கு அருகில் கொண்டுவர முடியும். மைக் பக்கத்தில், இரைச்சல் தூரத்தில் என்று அமைத்துவிட்டால் மைக்கின் அலை வென்றுவிடும்.

### அலைவரிசை தேடும் முறை

ரிசீவரில் தானாகத் தேடும் வசதி இருந்தால், உங்கள் மைக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எல்.ஈ.டி. திரை, விளக்குகள், ஜெனரேட்டர், காவலர்களின் வாக்கி டாக்கி என்று மற்ற எல்லாவற்றையும் ஓடவிட்டுத் தேடுங்கள். முதல் மைக்குக்கு இடம் கிடைத்ததும் அதை அணைக்காமல் விட்டு, இரண்டாவது ரிசீவரில் தேடுங்கள், இப்படியே ஒவ்வொன்றாக. காலையில் திரை கட்டுவதற்கு முன்பே தேடி முடித்துவிடுவதுதான் நான் காணும் பெரிய தவறு.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் வகை மைக்குகள் வைஃபையோடு இடத்தைப் பங்கிட்டுக்கொள்பவை. சிறிய வகுப்பறைக்குப் போதும். மண்டபத்தில் வேண்டாம்.

## அறிகுறி 4: தனித்தனியாக நன்றாக இருக்கிறது, சேர்த்துப் போட்டால் கெடுகிறது

இரண்டு மைக்குகளின் அலைகள் கலந்து மூன்றாவது, நான்காவது அலைகளை உண்டாக்கும். இரண்டில் ஓர் எண்ணை இரட்டித்து மற்றதைக் கழித்தால் அந்தக் கள்ள அலையின் இடம் தெரியும். 600.0, 600.4 என்ற இரண்டு மைக்குகளைப் போட்டு, மூன்றாவதை 600.8-இல் வைத்தால், இரண்டாவதின் இரட்டிப்பான 1200.8-இலிருந்து 600.0-ஐக் கழிக்கக் கிடைப்பது சரியாக 600.8. அதாவது மூன்றாவது மைக்கின் நாற்காலியில் வேறொன்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. சம இடைவெளியில் எண்களை அடுக்குவது பார்க்க ஒழுங்காக இருக்கும், கேட்கத்தான் முடியாது.

தயாரிப்பாளர் ஒரு குழுவாகத் தந்திருக்கும் எண்களை அப்படியே பயன்படுத்துங்கள். அந்தக் கணக்கை அவர்கள் போட்டுத்தான் தந்திருக்கிறார்கள். குழு ஒன்றிலிருந்து இரண்டு, குழு மூன்றிலிருந்து ஒன்று என்று கலக்காதீர்கள். பயன்படுத்தாத மைக்குகளை மேசையில் ஒன்றோடொன்று ஒட்டி, எரியவிட்டு வைப்பதும் இதே கோளாற்றைக் கொண்டுவரும். அலையின் பலத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் சிறிய மண்டபத்தில் குறைத்து வையுங்கள்.

எட்டு மைக்குகளுக்கு மேல் ஒரே மேடையில் ஓட வேண்டும், அதுவும் வெவ்வேறு நிறுவனச் செட்டுகள் கலந்து ஓட வேண்டும் என்றால் கையால் கணக்குப் போட முயல வேண்டாம். எந்தெந்த அலைவரிசையில் அலை இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் வைத்திருக்கும் ஒலி நிபுணரை நிகழ்ச்சிக்கு முதல் நாளே அழையுங்கள்.

## அறிகுறி 5: உறுமலும் டிக்-டிக் சத்தமும்

"டிக்-டிக்-டிக், டர்ர்" என்று வந்து அடுத்த நொடி யாருடைய கைப்பேசியாவது மணி அடித்தால், அது 2ஜி கைப்பேசி பெல்ட் பேக்குக்கோ காலர் மைக் ஒயருக்கோ அருகில் இருக்கிறது என்று பொருள். அர்ச்சகர் இடுப்பில் பெல்ட் பேக்கும் கைப்பேசியும் ஒன்றாகச் செருகியிருப்பார். கைப்பேசியை வாங்கி வைத்தால் போதும்.

தொடர்ந்து ஒரே சுருதியில் வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் அலையால் வருவதல்ல. ரிசீவரும் மிக்ஸரும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால் இரண்டையும் ஒரே மின்பலகைக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் போகாவிட்டால் ரிசீவருக்கும் மிக்ஸருக்கும் நடுவே ஒலிப் பிரிப்பு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வையுங்கள். உறுமலை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஈரமான பந்தலில் பாடகரின் உதடு அதே மிக்ஸரில் செருகிய கம்பியுள்ள மைக்கைத் தொடும்போது அந்த எர்த் கம்பிதான் அவரைக் காப்பது. ஜெனரேட்டருக்கு மாறும்போது மட்டும் உறுமல் கூடினால் மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். இதில் நாமே கை வைக்கக் கூடாது.

## அறிகுறி 6: குரல் கிழிகிறது

மைக்கிலும் ரிசீவரிலும் மிக்ஸரிலும் ஆக மூன்று இடங்களில் ஒலி அளவு இருக்கிறது. முதலில் மைக்கில் சரிசெய்யுங்கள்: பேசுபவர் தன் உச்சக் குரலில் பேசும்போது மட்டும் சிவப்பு விளக்கு ஒரு கணம் மின்ன வேண்டும். நாதஸ்வரத்துக்கு வைத்த அளவிலேயே வாழ்த்துரைக்குக் கொடுத்தால் குரல் எட்டாது, வாழ்த்துரைக்கு வைத்த அளவில் நாதஸ்வரத்துக்குக் கொடுத்தால் கிழியும். ரிசீவரின் பின்புறம் மைக் அளவு, லைன் அளவு என்று ஒரு சுவிட்ச் இருந்தால், மிக்ஸரின் மைக் வழியில் செருகும்போது அது மைக் அளவில் இருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தும் மெல்லிய குரலே கிழிந்தால் மைக்கின் தலைப்பகுதி ஈரத்தாலோ அடிபட்டதாலோ போயிருக்கும். அதை மாற்றுவதா, புது மைக் வாங்குவதா என்று விலை கேட்டு முடிவு செய்யுங்கள்.

பழுது பார்ப்பவரிடம் போகும்போது மைக்கை மட்டும் கொண்டுபோகாமல் அதன் ரிசீவரையும் சேர்த்தே கொண்டுபோங்கள். எந்த எண்ணில் ஓடியது, எந்த விளக்கு எரிந்தது, எத்தனை அடி தூரத்தில் அறுந்தது, அந்த நேரத்தில் திரையும் ஜெனரேட்டரும் ஓடிக்கொண்டிருந்தனவா என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். என் பெட்டி ஒவ்வொன்றின் மூடிக்குள்ளும் அப்படி ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். எந்த மண்டபத்தில் எந்த எண் ஒத்துவந்தது என்பதையும் அதிலேயே குறித்துவிடுவதால், அடுத்த முறை அதே மண்டபத்துக்குப் போகும்போது தேடுவதை அந்த எண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.